நாலாவது புள்ளி

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மூக்கண்டப்பள்ளி ரோடு முழுக்கச் சேறு. முதல் ஷிஃப்ட். அலுமினிய வார்ப்புகளை விளக்கடியில் திருப்பித் திருப்பி ஊசிமுனை ஓட்டை தேடும் வேலை. நல்லது பச்சை ட்ரே, கெட்டது சிவப்பு, சந்தேகம் மஞ்சள். மஞ்சளைக் கடைசியில் சூப்பர்வைசர் நாகராஜ் பார்த்து முடிவு செய்யணும். பார்க்காமலே பச்சைக்குப் போகும். அது வேறு கதை.

ரூமுக்கு வந்ததும் ரூம்மேட் மேரியின் லேப்டாப். அரசு கொடுத்தது, மூடி உடைந்தது. சிறுகோள் தேடும் எங்கள் குழுவுக்குப் புதுப் படங்கள். நேற்று எங்கோ ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்தவை. வானத்தில் ஒரே இடம், இடைவெளி விட்டு நாலு தடவை. மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரம் நிற்கும், கல் நகரும்.

நகர்ந்தது. இடது மூலையில். வேகமாக. வேகம் என்றால் பூமிக்குப் பக்கம்.

மூணு படத்தில் தெளிவு. நாலாவதில் ஒரு நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. சந்தேகம். அதைத் தனியாக வைத்துவிட்டு மூணை மட்டும் அளந்து தர்மபுரிக்கு அனுப்பினேன். தமிழ்ச்செல்வி மேடம், கல்லூரியில் இயற்பியல், எங்கள் குழுக்களைப் பார்த்துக்கொள்பவர்.

மேரி எட்டிப் பார்த்தாள். "நம்ம மேல விழுமாடி?"

"விழாது."

"அப்புறம் எதுக்குடி இந்தக் குதி குதிக்கிற?"

நவம்பர் 19, புதன்

குளிர். சாயங்காலம் மேடம் போன். "ஏம்மா, இது எந்த லிஸ்ட்லயும் இல்ல. புதுசு மாதிரிதான் தெரியுது."

ஒரு வேன் அளவு இருக்கலாமாம். ஆனால் ஒரு ராத்திரிப் புள்ளிகள் போதாது. இன்னொரு ராத்திரியும் யாராவது பார்த்தால்தான் அதன் பாதை கிடைக்கும். ரெண்டு மூணு நாளில் மங்கிவிடும், பிறகு தேடவே முடியாது. வெளிநாட்டில் ஒருத்தர் நாளைக்குத் தன் தொலைநோக்கியைத் திருப்பச் சம்மதித்திருக்கிறார். மூணு மணிக்கு மேல் ஏதாவது கேட்பார். போன் கையில் இருக்கணும்.

"ரெண்டு மணிக்கே ஷிஃப்ட் முடிஞ்சிடும் மேடம்."

நாலாவது படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நாளை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்று ரெண்டு மணிக்கு மாற்று ஆள் வரவில்லை. தளி பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம். நாகராஜ்: "டபுள் பாத்துடும்மா, லாரி நிக்குது."

போன் கேட் லாக்கரில். உள்ளே கொண்டுவரக் கூடாது. பெர்மனென்ட் ஆட்கள் பாக்கெட்டில் பாட்டே ஓடும். சட்டம் கான்ட்ராக்ட் பெண்களுக்கு மட்டும்.

"சார், அஞ்சு நிமிஷம் கேட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"ஏன், வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

"இல்ல சார். ஒரு கல்லு..."

"கிட்னிலயா?"

லைன் முழுக்கச் சிரிப்பு.

"வானத்துல சார்."

"அதுக்கெல்லாம் கேட் பாஸ்ல இடமில்லம்மா. போ, வேலையப் பாரு."

ராத்திரி பத்து மணிக்கு லாக்கர். ஒன்பது மிஸ்டு கால். மேடம் செய்திகள்:

3.10: நாலாவது புள்ளி எங்கே? மூணை வச்சுத் தேடற இடம் ரொம்ப அகலமா வருது.
3.40: நான் பஸ்ல இருக்கேன், லேப்டாப் இல்ல. நீயே அளந்து அனுப்பிடு.
5.05: அவர் காத்துட்டிருக்கார்மா.
6.20: இருக்கறத வச்சுத் தேடிப் பாக்கறாராம்.

இன்று காலை மேடத்தின் பதில். கல் கிடைக்கவில்லை.

மேரி திட்டினாள். "அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்ல வாய் வரலையா? எங்க பெரியப்பாவ மூணு தடவ சாகடிச்சிருக்கேன்டி. ஒரு தடவகூட பாஸ் இல்லன்னு சொன்னதில்ல."

பொய் சொன்னால் விடுவார் என்று எனக்கும் தெரியும். என் காரணமும் ஒரு காரணமாக இருக்கட்டுமே என்று தோன்றியது. மடச்சி.

நவம்பர் 22, சனி

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கல் இனி ஒரு ராத்திரிப் பதிவாக ஏதோ கோப்பில் கிடக்குமாம். அந்த மூணு புள்ளி வழியாக எத்தனையோ நீள்வட்டம் வரையலாம். ஒன்றில் ரெண்டு வருஷத்தில் திரும்பி வரும். இன்னொன்றில் என் ஆயுசுக்கும் வராது. எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது.

யார் மேல் கோபம்? நாகராஜ் (அவரும் மேலே ஒருத்தனுக்கு எஸ் சார்). போன் விதி. பஸ். நான்.

கடைசியை அடிக்கப் போனேன், பேனா ஓடவில்லை. சந்தேகம் வந்தால் ஒதுக்கி வை, வேறு ஒருத்தர் முடிவு செய்வார். ரெண்டு வருஷ ட்ரே வேலையில் கைக்கு இது நன்றாகப் பழகிவிட்டது. பெரிய படிப்பு.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில், ஒரு வாரம் கழித்து. துணி துவைத்தது. மேரி சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

நாலாவது படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நட்சத்திரத்துக்கு வலப்பக்கம், கல். தனியாக, தெளிவாக. ஒரு சந்தேகமும் இல்லை. அளக்க ரெண்டு நிமிஷம்.

அனுப்பினேன். உடனே மேடத்தின் பதில் வந்தது.

"இப்ப தேடற இடம் பத்துல ஒண்ணா சுருங்கிடுச்சும்மா. ஆனா கல்லு மங்கிடுச்சு, அங்க பாத்தாலும் இனி தெரியாது."