கானல்பட்டினத்துப் புறாக்கள் திரும்பாத காரணம்

மழை பொய்யாத வேய்க்குன்றத்திலிருந்து, ஏழு மலைக்கும் உரியவராகிய வேந்தர் நன்னெடுங்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் ஆதன் வெளியன், கானல்பட்டினத்துக் கடற்காவலர் மாநாகர் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறை செழிக்க. தங்கள் கலங்கள் கரை சேர்க. காயம்பட்ட வீரர் நலம் பெறுக.

பகைக்கலங்கள் வந்த அன்று திறந்துவிட்ட பன்னிரண்டு புறாக்களும் ஊரை ஒருமுறை சுற்றிவிட்டு அங்கேயே ஏன் இறங்கின என்று கேட்டிருந்தீர்கள். விசாரித்தோம். குற்றம் புறாக்களுடையது அன்று. ஓலைக் குதிரைகளின் தலைவன் கடம்பன் ஏறனுடையது.

தங்கள் நகரிலிருந்து இங்கே வளைந்து வரும் பாதை ஐம்பத்து நான்கு காதம். இடையிடையே குதிரை மாற்றினாலும் ஒன்பது நாள். இருபது ஆண்டுகளாக அந்த ஒன்பது நாளே ஏறனின் பெருமை. பின்னர், புறா வளர்க்கும் சேந்தன் அழிசி, மலைக்கு மேலே நேராகப் பறந்தால் முப்பது காதமே என்று கூறி, விடியலில் அங்கே விட்ட பறவையைப் பொழுது சாயுமுன் இங்கே இறக்கிக் காட்டினான். வேந்தர் அவனைத் தம் வலப்பக்கத்தில் அமர்த்தினார். அது ஏறன் அமர்ந்த இருக்கை. ஏறனாரின் குதிரை கொள்ளு மென்று முடிப்பதற்குள் தன் புறா ஆற்றைத் தாண்டிவிடும் என்று அழிசி சொல்ல, அவையே சிரித்தது. ஏறனும் சிரித்துவைத்தான்; அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புறாவுக்குத் தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே தெரியும். ஆகவே இங்கே பிறந்த பறவைகளைக் கூடையில் வைத்து அங்கே கொண்டுசேர்ப்பது குதிரையாளர் வேலை. தன் இடத்தைப் பிடித்தவனின் பெருமையைத் தன் சேணத்திலேயே கட்டிச் சுமக்க நேர்ந்தது ஏறனை அரித்தது. பத்து நாளுக்குள் விடவேண்டிய பறவைகளை அவன் தானும் உடன் தங்கி ஆறு மாதம் அங்கேயே நிறுத்தினான். இணை சேர்த்தான், கூடு கட்டவிட்டான், தன் கையால் கம்பு இறைத்தான். தாங்கள் அதைப் பரிவு என்று எண்ணியிருப்பீர்கள். குஞ்சு பொரித்த இடமே அவற்றுக்கு வீடாகிப்போனது.

அன்று பறவைகள் கிளம்பாததைக் கண்டதும் ஏறன் தானே குதிரை ஏறி, ஏழே நாளில் இங்கு வந்து விழுந்தான். ஆயினும் உதவிப்படை ஆறு நாள் பிந்தியது. மூன்று குப்பங்கள் எரிந்தன. அவன் எதையும் மறைக்காமல் சொல்லி, தன் தலையை எடுத்துவிடுமாறு வேண்டினான். வேந்தர் அழிசியைப் பார்த்தார். அழிசியோ, அந்தக் குஞ்சுகளுக்கு இப்போது இரை வைப்பது யார் என்று மட்டும் கேட்டான். தன்னைப் பகைவனாகக்கூட நினைத்திராத ஒருவன்மேல் இத்தனை மாதம் எரிந்திருக்கிறோம் என்று ஏறனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பின்னும் எரிச்சல் தணியவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

ஆகவே ஆணை: ஏறனின் தலைமை பறிக்கப்பட்டது, உயிர் பறிக்கப்படவில்லை. புதிய பறவைகளையும் இவ்வோலையையும் அவனே கொண்டுவருகிறான். அங்கேயே தங்கி, மாதந்தோறும் இங்கிருந்து வரும் புதுப் பறவைகளில் ஒன்றை விட்டு, அது புறப்பட்ட நாழிகையைத் தன் கையால் எழுதி அதன் காலில் கட்டக் கடவன். இங்கே வந்திறங்கிய நாழிகையை அழிசி எழுதி அனுப்புவான். அதை ஏறன், எரிந்த குப்பத்து மக்கள் நடுவே நின்று, உரக்கப் படிக்கக் கடவன்.

இது வேந்தர் சொல். மூங்கில் முத்திரை இட்டோம். ஓலை கண்ட நாளே நிறைவேற்றுக.