கணினியை 'நீ' என்று கூப்பிடலாமா

மார்ச் 3, திங்கள்

இதில் உண்மையை மட்டுமே எழுதப்போகிறேன். அம்மா அழுதால் அதையும்.

நோர்டர்வீக் ஊராட்சி அலுவலகத்தில் அம்மாவுக்கு வேலை. எல்லோரையும் பழைய எழுத்துச் செயலியிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். மாதக் கடைசிக்குள் எல்லோரும் அதில் எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். ஒருவர் எழுதாவிட்டாலும் மறுபடி ஹாம்பர்க், சித்தி வீட்டு சோபா. இங்கே எனக்குத் தனி அறை இருக்கிறது. நூலகம் அடுத்த தெருவில்.

மார்ச் 5, புதன்

பள்ளி விட்டதும் அலுவலகத்தில்தான் வீட்டுப்பாடம். பதிவாளர் திரு. பிரோடர்சனைத் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள். பழைய செயலியை அவர் "ஏண்டா தூங்குற, கிளம்பு" என்று அதட்டுவார். இன்று புதியதன் முன் டையைச் சரிசெய்துகொண்டு, "மன்னிக்கணும், இந்த வரியைக் கொஞ்சம் கீழே இறக்குவீங்களா?" என்றார். காத்திருந்தார்.

"விசையைத் தட்டுங்க சார்," என்றாள் அம்மா.

"அறிமுகமே இல்லாதவரை எப்படி மேடம் வேலை ஏவுறது?"

கடிதத்தைக் கையால் எழுதினார்.

மார்ச் 7

தினமும் "வணக்கம்" என்று மட்டும் தட்டுகிறார். பதில் வராது. மூடிவிடுகிறார்.

மார்ச் 10, திங்கள்

இந்த ஊர் வழக்கப்படி மூத்தவர்தானே முதலில் "நீன்னே கூப்பிடு" என்று சொல்ல வேண்டும்? திரு. பிரோடர்சனையே கணினியிடம் அதைச் சொல்லச் சொல்லி அம்மா கேட்டாள். சம்மதித்துவிட்டார். "நான் தொண்ணூத்தி நாலுல சேர்ந்தவன். வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

நான் ஏன் வாயைத் திறந்தேன்? இந்த மென்பொருளின் மூதாதை எண்பதுகளிலேயே லூனபுர்க்கில் பிறந்தது என்று படித்ததைச் சொன்னேன் — நம் பக்கத்து ஊர் மாதிரிதான் என்று வேறு.

அவர் முகம் வெளுத்தது. எழுந்து நின்றார். "அப்ப இவர் என்னைவிட சீனியர். இவர்தான் முதல்ல சொல்லணும்."

மார்ச் 14

வரவேற்பு மேசை திருமதி யெஸன் சிரிக்கிறார்: "அது வாயைத் திறந்து 'நீ'ங்கறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க சார்."

"ஆகட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

மார்ச் 20

அம்மா அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தாள். அழவில்லை. பாத்திரம் கழுவி முடித்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 26, புதன்

திரு. பிரோடர்சன் மூடும்போதெல்லாம் திரையில் ஒரு கேள்வி வருகிறது: "மாற்றங்களைச் சேமிக்க விரும்புகிறீர்களா?"

விரும்புகிறீர்களா! அதுவும் அவரை 'நீங்கள்' என்றுதான் பேசுகிறது. இரண்டு பேருமே காத்திருந்தால்?

இதன் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் — மூன்று வாரமாக அம்மா எல்லோருக்கும் இதைத்தானே சொல்கிறாள்?

"அம்மா, அது பேசுறதை நாம மாத்தலாமா?"

ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். "உரிமத்துலயே போட்டிருக்குடி, மாத்தலாம்னு."

மார்ச் 28, வெள்ளி

வணக்கம் தட்டினார். காத்திருந்தார். மூடினார்.

திரையில்: "சேமிக்கட்டுமா, யென்ஸ்? நாம இனிமே 'நீ'ன்னே பேசிக்கலாமே."

இரண்டு முறை படித்தார். எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரையை நோக்கிக் கையை நீட்டி, "யென்ஸ்," என்று முறைப்படி தன் பெயரைச் சொன்னார். எனக்கு மூச்சு விடவே பயம்.

"அதை யார் எழுதினதுன்னு தெரியுமில்ல சார்?" என்றார் திருமதி யெஸன்.

"யார் வேணா எழுதலாம்னு மேடம் முதல் நாளே சொன்னாங்களே. எழுதினவங்க முறையா எழுதியிருக்காங்க."

உட்கார்ந்து ஒரு திருமணச் சான்றிதழை முழுவதும் அதிலேயே அடித்து முடித்தார்.

மார்ச் 31, திங்கள்

பெட்டிகளைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். அம்மாவைத் திரு. பிரோடர்சன் இன்னும் 'நீங்க' என்றுதான் பேசுகிறார். அவசரம் இல்லை, நேரம் இருக்கிறது. இன்று எங்களோடு கடைசியாகக் கிளம்பியவர் அவர்தான். "பக்க ஓரத்தை எங்கடா கொண்டுபோய் வச்சே? நாளைக்கு வந்து கவனிச்சுக்கறேன் உன்னை," என்று கணினியைத் திட்டிவிட்டு விளக்குகளை அணைத்தார்.