காலை ட்ரிப் எனக்கு, சாயங்காலம் அவனுக்கு

மார்ச் 4

என் அருமை அண்ணா,

அண்ணியோட முதுகுவலி எப்படி இருக்கு? ஃபோன்ல அனுப்பினா நீ படிக்க மாட்டே, அதான் பேப்பர்ல.

உங்க பஸ் ரூட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டாங்கன்னு பார்த்ததும் குதிச்சேன்! இருபது வருஷமா ஒரே கம்பெனிக்குப் பர்மிட், சர்க்கார் வச்சதே கட்டணம். இனி யார் வேணா பஸ் விடலாம், கட்டணமும் அவங்க இஷ்டம். மத்தவங்க சினிமா ட்ரெய்லருக்குக் காத்திருப்பாங்க. நான், வியாபாரத்துல நியாயமாப் போட்டி நடக்குதான்னு பார்க்கிற போட்டி ஆணையத்தோட இந்த உத்தரவுக்கு! நூத்திப் பத்துப் பக்கம், ஒரே மூச்சுல முடிச்சேன். டிரைவரா இருந்த நீ இப்ப ரெண்டு பஸ்ஸுக்கு முதலாளி! எதிர்ல யாரு? எழுது.

முதலாளியோட தங்கச்சி

மார்ச் 15

வாயாடிக்கு,

முதுகு தேவலை. எதிர்ல நம்ம மீசைதான், பழைய கம்பெனியில எங்கூட ஸ்டியரிங் பிடிச்சவன். நான் கட்டணம் குறைச்சா அவனும் குறைப்பான், டீசலுக்கே தேறல. போன வாரம் டிப்போ கேன்டீன்ல பேசி முடிச்சிட்டோம். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டணம், பழையதைவிடக் கொஞ்சம் கூட. காலை ட்ரிப் எனக்கு, சாயங்காலம் அவனுக்கு. தினம் வர்ற நர்ஸம்மா மட்டும் முனகினாங்க.

உன் கடுதாசியை எப்பவும்போல அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். "உன் தங்கச்சி வக்கீலுக்கே வகுப்பெடுப்பாடா"ன்னான்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா!

போட்டி போட வேண்டியவங்க உட்கார்ந்து விலை பேசுறதுதான் சட்டத்துல பெரிய குத்தமே! நர்ஸம்மாவுக்குக் காலையில வேற பஸ் ஏது? அபராதம் வந்தா ரெண்டு பஸ்ஸும் போயிடும்.

ஒரே வழி. ஆணையத்துக்கு யார் முதல்ல போய் உண்மையைச் சொல்றாங்களோ, அவங்களுக்கு அபராதம் முழுசாத் தள்ளுபடி. முதல் ஆளுக்கு மட்டும். நிமிஷம் போட்டுக் குறிச்சு வைப்பாங்க. இதைப் படிச்சதும் கிளம்பு.

உன் தங்கச்சி

பி.கு.: மீசைகிட்ட மூச்சு விடாதே.

மார்ச் 27

வாயாடி,

அந்தப் பின்குறிப்பை மேலே எழுதியிருக்கக் கூடாதா? வழக்கம்போல கேன்டீன்ல அவனுக்குச் சத்தமாப் படிச்சேன். கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தா எதிர் நாற்காலி காலி. டீ பாதி அப்படியே இருக்கு.

நான் ஆணையத்தோட ஆபீஸ் படி ஏறும்போது அவன் இறங்கி வந்தான். "கட்டிக்கொடுக்க ரெண்டு பொண்ணு இருக்குடா எனக்கு"ன்னான். கவுன்டர்ல இருந்தவங்க என் காகிதத்துல 11.52ன்னு போட்டாங்க. அவனோடது 11.40.

ரெண்டாவது ஆளுக்குப் பாதி குறைப்பாங்களாம். நீலப் பஸ்ஸை வித்தாத்தான் மீதியைக் கட்ட முடியும். உன்மேல கோபம் இல்ல. அவன்மேல இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல.

நேத்து காலையில என் நேரத்துக்கே அவன் பஸ் வந்து நின்னுது, கட்டணம் குறைச்ச பலகையோட. நானும் குறைச்சேன். நர்ஸம்மா ரெண்டு பலகையையும் நிதானமாப் பார்த்துட்டு என் பஸ்ல ஏறினாங்க. நீ ஆசைப்பட்ட போட்டி ஆரம்பிச்சாச்சு.

வழக்கம்போல நீளமா எழுது. படிச்சுக் காட்டத்தான் ஆள் இல்ல.

அண்ணன்