பாக்கியம் ஏறும் உயரம்

ஜூலை 15, 1996. திங்கள்

காலையில் மழை. இப்போது புழுக்கம்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிகிறது. இதைப் பார்க்க யாரும் வரப் போவதில்லை, அதனால் என்னிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மரம் சீவிய கை, டிராக்டர் ஓட்டிய கை, பென்சிலைப் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது. ‘ழ’ எழுதினால் மண்புழு மாதிரி வருகிறது. ஆனாலும் சந்தோஷம். ‘மழை’ என்று எழுதிவிட்டேன், வெளியே மழையும் பெய்தது.

போன வருஷம் கண் ஆபரேஷன். அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பு. தாமான் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு. டீச்சர் சொன்னது, “தாத்தா, நெனைக்கிறத எழுதுங்க. தப்பு பாக்காதீங்க.”

இன்று நினைப்பது ஜீப்பை.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது மகன் முரளி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். அவனுக்கு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை, எனக்கு ஜீப்பைக் கழுவும் வேலை. முரளி என்று முழுதாக எழுத நேரமாகிறது. இனி மு.

பாக்கியம் என் மனைவி. அவள் பெயரைச் சுருக்க மனசு வரவில்லை.

கை ஓய்ந்துவிட்டது.

ஜூலை 16. செவ்வாய்

வெயில். தலைவலி. கோப்பிக் கடையில் ஒரு தேத்தண்ணி.

நேற்று விட்டது. என் கண்ணில் கட்டுப் போட்டிருந்தபோது, பழைய தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக பாக்கியம் வேண்டிக்கொண்டாள். போன ஆடியில் அவள் வலது முட்டி வீங்கிப் படுத்துவிட்டாள். இந்த ஆடித் திருவிழா ஆகஸ்ட் 4. இந்தத் தடவையும் விட்டால் தாங்க மாட்டாள். வாயால் சொல்ல மாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

தோட்டத்தில் இப்போது ஆள் இல்லை. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் உள்ளே. குலை ஏற்றும் லோரிகள் செம்மண் சாலையை இரண்டு கால்வாயாக அறுத்துவிட்டன, நடுவில் மேடு. மற்றவர்கள் காரை வெளியே நிறுத்திவிட்டு நடப்பார்கள். பாக்கியத்தால் முடியாது. போன மாதம் ஜீப்பில் போய்ப் பார்த்தோம். பாதி வழியில் கியர்பாக்ஸ் அடித்தட்டு மேட்டில் உட்கார்ந்துகொண்டது, சக்கரம் சும்மா சுற்றியது. லோரிக்காரன் கயிறு கட்டி இழுத்தான். மண்வெட்டியால் மேட்டைச் செதுக்கினோம். மறுநாளே லோரிகள் பழையபடி ஆக்கிவிட்டன.

ஆகவே ஜீப்பைத் தூக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி, உடம்பை மேலே ஏற்றுவது. நானும் செய்ததில்லை, மு.வும் செய்ததில்லை.

சாயங்காலம் ஆ செங் பட்டறை. ஆ செங் சீனன், போர்மேன், எல்லா வண்டியும் ரிப்பேர் பார்ப்பான். அவன் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார், அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவான்.

மு. சொன்னான், “நாலு இன்ச் தூக்கிடு. யானை மாதிரி போவும்.”

ஆ செங் ஜீப்புக்கு அடியில் படுத்தபடி, “யானை மேல யாருலா ஏறப் போறது? உங்கம்மாவா?”

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை மேட்டைத்தான் நினைத்தேன். ஏறுகிறவளை நினைக்கவில்லை.

ஜூலை 18. வியாழன்

உடம்பெல்லாம் அசதி. வெயிலில் செங்கல் தூக்கியது.

ஜீப்பின் பின்படி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் கொல்லையில் செங்கல் அடுக்கினேன், கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில். பாக்கியத்தைக் கூப்பிட்டு, மேல் கிளையில் நல்ல கொழுந்து இருக்கிறது, பறி என்றேன். சுவரைப் பிடித்து ஏறிப் பறித்தாள். உள்ளே போனதும் ஒரு கல் கூட்டினேன். மறுபடி கூப்பிட்டேன். ஏறினாள், முகம் சுளித்தது. இன்னொரு கல். காலை வைத்தாள், மூச்சு விட்டாள், காலை எடுத்துவிட்டாள்.

“என்னாங்க, மரத்த மொட்டையடிக்கப் போறீங்களா? இல்ல என்னைய சர்க்கஸ்ல சேக்கப் போறீங்களா?”

சொல்லிவிட்டேன். ஜீப், மேடு, படி, எல்லாம்.

“அதக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே. இதுக்கா இவ்ளோ கறிவேப்பிலை?”

ராத்திரிக்குக் கறிவேப்பிலைத் துவையல்.

முடிவு: ஒரு கல் முடியும். இரண்டு கல் முடியாது. ஒரு கல் ஏறக்குறைய இரண்டு இன்ச்.

ஜூலை 19. வெள்ளி

ஆடி வெள்ளி. தாமான் கோயிலில் கூழ். இரண்டு கிண்ணம் குடித்தேன். தூக்கம்.

மு.வோடு வாக்குவாதம். அவனுக்கு நாலுதான் வேண்டும். “ஸ்டூல் போட்டு ஏத்திக்கலாம்பா.” அவள் என்ன, மூட்டையா? ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன், கண் சிவந்திருந்தது. நானும் கத்தியிருக்க வேண்டாம்.

மறுபடி பட்டறை. ஆ செங் மு.விடம் விரல் விட்டுச் சொன்னான். “நாலுன்னா பிரேக் ஹோஸ் எட்டாது. ஷாக் அப்சார்பர் எட்டாது. புரொபெல்லர் ஷாஃப்ட் சாஞ்சி ஆடும். எல்லாம் மாத்தணும், சுசாலா, கஷ்டம். ரெண்டுன்னா ஒவ்வொரு ஸ்பிரிங்லயும் ஒரு பட்டை சேர்த்தாப் போதும். மேடு ஒரசாது. ஒரசினாலும் மாட்டாது.”

மு. வீட்டுக்கு வந்து, “சரிப்பா, ரெண்டு” என்றான்.

பலகையில் எழுதச் சொன்னான் ஆ செங், சாமான் மறக்காமல் இருக்க. நான் எழுதினேன். சுண்ணக்கட்டியால், எல்லார் முன்னாலும்.

பட்டை நாலு
நீள யூ போல்ட்
நடு ஆணி
கிரீஸ்
எலுமிச்சம்பழம்

கடைசியைப் படித்துவிட்டு, “அது எந்தக் கடையில?” என்றான். அவனுக்குத் தெரியும். சும்மா கேட்கிறான்.

ஜூலை 21. ஞாயிறு

பத்து பெரண்டாம் விமான நிலையத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. மு.வோடு போனேன். மேலே பிளேன் தாழப் பறந்தது, பேச்சு கேட்கவில்லை. குவியலில் பட்டை தேடினோம். சின்ன லோரியில் இருந்து கழற்றியது, அகலம் சரி, நீளத்தை அறுத்துக்கொள்ளலாம். துரு. சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். வெடிப்பு இருந்தால் சத்தம் செத்திருக்கும். இது மணி மாதிரி.

கையில் காயம், பெரிதில்லை. திரும்பும்போது ஜீப்பில் தூங்கிவிட்டேன். மு. எழுப்பவில்லை, வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவனும் ஸ்டீரிங்கிலேயே தூங்கியிருக்கிறான். பாக்கியம்தான் வந்து இரண்டு பேரையும் எழுப்பினாள்.

ஜூலை 25. வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. மழை. முதுகு. பாக்கியத்தின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன்.

ஜூலை 28. ஞாயிறு

முடிந்தது.

காலையில் இருந்து பட்டறை. ஜீப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கழற்றி, புதுப்பட்டையை இடையில் வைத்து, அழுத்திப் பிடித்து யூ போல்ட் பூட்டினார்கள். நான் கிரீஸ் தடவினேன், வேறென்ன. இறக்கி வைத்ததும் ஆ செங் டேப் பிடித்தான். இரண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. “சுமை ஏறினா உக்காந்துடும்” என்றான்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மு. ஏற்றி நசுக்கினான். வீட்டுக்கு வந்தோம். தாமான் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள்.

பாக்கியம் கைலியைத் தூக்கிச் செருகினாள். பிடிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். இடது காலை வைத்து ஏறிவிட்டாள். மேலே நின்று தாமானைப் பார்த்தாள்.

“பக்கத்து வீட்டு ஓட்டுல என்னா இவ்ளோ குப்பை,” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பழைய கண்ணாக இருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது.

ஜூலை 29. திங்கள்

காப்புக் கட்டியாயிற்று. இனி திருவிழா வரை வீட்டில் சைவம், பாக்கியத்துக்கு ஒருவேளைச் சோறு.

மதியம் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளி போட்டுப் பளபளவென்று. தேய்த்துக்கொண்டே கேட்டாள், “கொடத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்பேன். கம்பிய எதால பிடிக்கிறது?”

மு. சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கை அப்படியே நின்றது.

செங்கல்லில் ஏறியபோது சுவரைப் பிடித்தாள். நேற்று கம்பியைப் பிடித்தாள். திருவிழா அன்று அவள் கை சும்மா இருக்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை பால்குடம் பார்த்திருக்கிறோம். சொந்த வீட்டில் எடுத்தால் அம்மன் முன்னால்தான் இறக்க வேண்டும். கீழே வைக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது. கம்பி இல்லாமல் பழைய உயரமே அவளுக்குச் சிரமம். நாங்கள் அதையும் கூட்டி வைத்திருக்கிறோம்.

மு., “கோயில்லயே பால் வாங்கி எடுக்கலாம்மா, நெறைய பேரு அப்படித்தான்.”

“நான் வீட்டுல இருந்துன்னு வேண்டிக்கிட்டேன்.”

அவ்வளவுதான். குடத்தைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

பட்டையைக் கழற்றினால் மேடு. கழற்றாவிட்டால் படி. படுத்துக்கொண்டேன்.

ஜூலை 31. புதன்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆ செங் கீழே இன்னொரு படி பற்ற வைத்துத் தருகிறேன் என்றான். தொங்கும் படி மேட்டில் மாட்டும் என்று அவனே பிறகு சொன்னான்.

பாக்கியம் பூக்கட்டிக்கொண்டு இருந்தாள். எங்களைப் பார்க்காமல் பேசினாள்.

“பால் ஊத்துனாத்தான் அது பால்குடம். அதுவரைக்கும் வெறுங்கொடம். நான் மொதல்ல ஏறி உக்காந்துக்குறேன். வாசல்லயே வச்சி ஊத்துங்க. பூசாரிகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.”

“எறங்குறது?” என்றேன். அதுதானே இன்னும் மோசம்.

“பால் ஸ்டோர் மேடை என்னாச்சி? இடிச்சிட்டாங்களா?”

கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மரத்துப் பால் நிறுத்து ஊற்றிய சிமெண்டு மேடை. நானும் அவளும் இளம் வயதில் கம்பின் இரு முனையிலும் காண்டாவாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வரிசையில் நின்ற இடம். மறந்தே போய்விட்டேன்.

மு. உடனே ஜீப்பை எடுத்தான். தனியாகப் போனான். சேறும் சிரிப்புமாகத் திரும்பி வந்தான். மேட்டில் ஒரு தடவை லேசாக உரசியதாம், மாட்டவில்லை. மேடையைச் சுற்றி மண் ஏறிக் கிடக்கிறதாம். ஜீப்பைப் பின்னால் விட்டுப் பார்த்தானாம். “தரைக்குத் தரை, அப்பா. ஒரு வெரக்கடைதான் வித்தியாசம். தூக்காம இருந்திருந்தா ஏறித்தான் போயிருக்கணும்.”

இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5. திங்கள்

உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. எழுதாமல் விட்டால் மறந்துவிடும்.

நேற்று காலை. கான்வாஸ் கூரையைக் கழற்றிவிட்டோம். பாக்கியம் மஞ்சள் சேலையில் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். பூசாரி வாசலில் கற்பூரம் காட்டினார். மு. பாலை ஊற்றினான். வேப்பிலை வைத்துத் துணியால் குடத்தின் வாயைக் கட்டினோம். புதுப்பட்டை விறைப்பாக இருந்தது, தூக்கிப் போடும். அதற்கு ஆ செங் முன்பே யோசனை சொல்லியிருந்தான். அன்னதான அரிசி மூட்டைகளைப் பின்னால் ஏற்றினோம். ஜீப் உட்கார்ந்து அமைதியானது.

செம்மண் சாலை. நடந்து போனவர்கள் ஒதுங்கினார்கள். ஒருவர், “பாக்கியம்மா, தேரா?” என்றார். இவள் வாயைத் திறக்கவில்லை, விரதம். கண்ணால் சிரித்தாள்.

மேடு வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அடியில் ஒரு கீறல் சத்தம், நகம் கிழிக்கிற மாதிரி. போய்விட்டது. சேலையில் நாலு சொட்டுப் பால்.

மேடை. மு. பின்னால் எடுத்தான், நான் கைகாட்டினேன். பாக்கியம் எழுந்து நின்று குடத்தைத் தலையில் வைத்தாள். ஜீப்பில் இருந்து மேடைக்கு நடந்தாள், வீட்டில் அறைக்கு அறை போவது போல. அப்புறம் படிகள். அவள் விழுந்துவிடுவாள் என்று நான் கீழே போய்க் கையை நீட்டி நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். தாழ்வான படி, அகலமான படி. கால் தட்டிப் பால் சிந்தாமல் இருக்கக் கட்டியது. ரெண்டு வாளியும் நிறையத் தூக்கி வருகிறவர்களுக்குக் கட்டியது. அவள் கால் அதை மறக்கவில்லை. கீழே பார்க்காமலே இறங்கினாள்.

என் கை நீட்டியபடியே இருந்தது. தாண்டிப் போய்விட்டாள்.

இன்று இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், எழுத்துக் கூட்டி. ஜீப் வரும் இடமெல்லாம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாக்கியம் என்று வந்தபோதெல்லாம் திறந்தாள்.

“எம் பேரு எவ்ளோ நீளம்?” என்றாள்.

காட்டினேன். விரலை வைத்து அளந்தாள். பிறகு தூங்கிவிட்டாள்.

யூ போல்ட் தளர்ந்திருக்கும், வருகிற ஞாயிறு இறுக்க வேண்டும் என்கிறான் ஆ செங். அந்தக் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்துதான் இனிப் பென்சிலைத் தொடுவேன்.