களைப்பு தீர்ந்தது

அக்டோபர் 9

காலை ஓட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று காளான் கஷாயம் குடித்தோம். குடித்தவள் கோப்பையைக் கவிழ்த்து, "களைப்பு தீர்ந்தது" என்று சொல்ல வேண்டும். கம்பெனி விற்பது ரெய்ஷிக் காளான் தூள். நாங்கள் கம்பெனியின் தொடரோட்டப் பெண்கள். பகலில் அந்தத் தூளைப் பொட்டலம் கட்டுகிறோம், காலையும் மாலையும் அதற்குச் சாட்சியாக ஓடுகிறோம். என் முறை வந்தபோது "கசக்கிறது" என்றேன். பயிற்சியாளர் ஒனோதெரா சிரித்தார்.

"புத்தகம் ரொம்பப் படிச்சா நாக்கு அப்படித்தான் ஆகும், சயோரி."

அக்டோபர் 10

நான் இனி மாற்று ஆள். தொடரோட்டத்தில் என்னுடைய மூன்றாம் கட்டம் என் அறைத்தோழி மிகாகேவுக்கு. நாக்குக்கு இவ்வளவு விலையா?

அக்டோபர் 21

மிகாகே மாடிப்படியில் பின்புறமாக இறங்குகிறாள். கணைக்கால் எலும்பில் விரல் நுனி அளவு ஓர் இடம் — தொட்டாலே கண் கலங்குகிறது.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைக்கா. தூள் வேலை செய்யுது. சார்கிட்ட சொல்லிடாதீங்க."

விரிசல்தான். வேறென்ன?

அக்டோபர் 22

ஒனோதெராவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே தெரியுமாம். தூளை இரட்டிப்பாக்கியிருக்கிறாராம். "எலும்பு தானா கூடிக்கும்" என்கிறார். சாகாமருந்து காய்ச்சிய பழைய ரசவாதிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களாவது தங்கள் சரக்கைத் தாங்களே குடித்துச் செத்தார்கள். இவர் குடிப்பது காபி.

நவம்பர் 3

இன்றும் எல்லோருக்கும் களைப்பு தீர்ந்தது. மிகாகேவுக்கு இரண்டு கோப்பை.

நவம்பர் 16

போட்டி. அடுத்தவளுக்குக் கோட் பிடிக்கும் வேலை எனக்கு. ஒருத்தி தோள்பட்டைத் துணியை அடுத்தவளுக்குக் கைமாற்றும் எல்லைக்கோட்டருகே நின்றேன்.

வளைவில் மிகாகே தெரிந்தாள். நொண்டினாள். பிறகு விழுந்தாள். எழவில்லை — தோள்பட்டைத் துணியை வாயில் கவ்விக்கொண்டு தவழ ஆரம்பித்தாள். சாலையில் முழங்கால் தேய்ந்து ரத்தம். ஓடுகிறவளை ஓர் அணிக்காரி தொட்டால் அணியே வெளியே. அதனால் எவரும் தொடவில்லை. ஜனங்கள் அழுதபடி கை தட்டினார்கள். அழுவார்களாம், தட்டுவார்களாம், ஆனால் ஒரு கை நீளாதாம்! ஒனோதெரா காரிலிருந்து கத்தினார், "இன்னும் கொஞ்சம்மா, விட்டுடாதே!"

நான் நடந்துபோய் அவள் தோளைத் தொட்டேன்.

"ஏன்க்கா? ஏன் தொட்டீங்க?" என்று என் கையைப் பிறாண்டினாள். கோட்டைப் போர்த்தினேன்.

நவம்பர் 17

என்னை நீக்கிவிட்டார்கள். அணியில் எவளும் முகம் பார்க்கவில்லை. மிகாகேவின் எலும்பு இரண்டாகப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் வெளியே துருத்தியிருக்கும் என்றாராம் டாக்டர்.

செய்தது சரிதானா? சரிதான். ஆனாலும் அவள் முகம்—

நவம்பர் 29

மிகாகேதான் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே கம்பெனி அனுப்பிய தூள் டப்பா, ரிப்பன் கட்டி. அவள் பழக்கதோஷத்தில் வெந்நீரில் ஒரு கரண்டி கலக்கினாள். ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். கையிலேயே வைத்திருந்தாள்.

"கசக்குதுக்கா" என்றாள்.