கெர்டா என்று பெயரிட்ட இயந்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தைதான் பிரித்துக் கொடுத்திருப்பாள். மணிக்கட்டுப் பட்டையை மறுபடியும் கழற்றிப் போட்டிருந்தால் மாட்டிக்கொள்.

நீ பெயின்ட் வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டிய இடத்தில் புது இயந்திரம் வந்துவிட்டது. வாளியைத் தானே எடுக்கிறது, மூடியை அழுத்துகிறது, கம்பியை வளைத்து இரு காதிலும் செருகுகிறது. வந்த அன்று மேஜையில் காகிதக் கொடிகள் நட்டு, கேக் வெட்டினார்கள். நம் ஆட்கள் இயந்திரத்துக்குப் பெயர் வைப்பார்களே, இதற்கு உன் பெயரையே பலகையில் எழுதி மாட்டினார்கள். "இந்தக் கெர்டா லீவே கேட்கமாட்டா!" என்றார் மேலாளர் ப்ரேபென். எல்லோரும் சிரித்தார்கள். கம்பியை வளைத்து வளைத்து உன் மணிக்கட்டு பழுதானதும் உன்னை வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் கேக்கைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

இன்று கம்பி சிக்கி இயந்திரம் நின்றது. "கெர்டாவுக்கு ரெண்டு உதை குடுடா, தன்னால ஓடுவா!" என்று கத்தினார் ப்ரேபென். நான் திருப்புளியை எடுத்துப் பலகையைக் கழற்றினேன்.

"டேய், மரியாதைக்குத்தானே வச்சோம்!"

"அப்போ உங்க அம்மா பேரை வச்சு உதைங்க."

"மறுபடி மாட்டு. இல்லேன்னா நீயும் கிளம்பு."

பலகை இப்போது என் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க ஆல்போர்க் ஊருக்கு வருகிறேன். காபிக் கெட்டிலை நீ தூக்காதே, நான் ஊற்றித் தருகிறேன். இந்த முறை திங்கட்கிழமை காலையில் நான் அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை.

உன் மகன்