ரேடியோவுக்கு எட்டு பேட்டரி

ஓமன் சர்வே முகாம்,
3-2-1997

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மயிலாப்பூர் குளத்துப் படியில் இறங்காதே என்று எத்தனை முறை சொல்வது?

போன வாரம் பாலைவனத்திலிருந்து திரும்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி என் பொறுப்பு. அதில் சார்ஜ் செய்யும் பேட்டரிதான் போடுவேன். துணைக்குச் சாதா பேட்டரியும் வை என்றான் இன்ஜினீயர் கிரீஷ். கருவிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றவனுக்கு அவன் சொல்வதா? வைக்கவில்லை.

புழுதிக் காற்று டயர் தடத்தை மூடிய நேரம், பாதி சார்ஜ் காட்டிய கருவி சட்டென்று அணைந்தது. இந்த பேட்டரி கடைசிவரை சீராக இருந்து ஒரேயடியாக விழும். சாதா பேட்டரிக்கென்று செய்த அளவுகோலுக்கு அது தெரியவில்லை. தப்பு என் பேட்டரி மேல் இல்லை.

"இன்னா நைனா, பொட்டி கண்ண மூடிக்கிச்சு? எந்தப் பக்கம் போறது?" என்று சிரித்தான் டிரைவர் மதிவாணன், சிந்தாதிரிப்பேட்டைக்காரன். நான் கருவியைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தோம். தேடி வந்த முகாம் வண்டிக்கு அது கேட்டது. அவ்வளவுதான். இப்போது ஹாரன் சத்தம் கேட்டால் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறேன். குளிர்தான் காரணம்.

எங்கள் முகாமிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் ஜெயராமிடம் சாதா பென்சில் பேட்டரி எட்டு கொடுத்தனுப்பு. இங்கே ஸ்டோரில் கிடைக்கும். கிரீஷ் எதிரில் கேட்க மாட்டேன். அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போகிறோம், அதற்குள் வேண்டும்.

தபால் வண்டி கிளம்புகிறது. பேட்டரி ரேடியோவுக்கு என்று ஜெயராமிடம் சொல். என் ரேடியோ உன்னிடம்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
கஸ்தூரிரங்கன்